60 லட்சம் பட்ஜெட்: ஜெர்மன் பேட்ஜா, பத்து வருஷம் நிற்காமல் ஓடும் வண்டியா?

கரிசல்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோவில்பட்டி. அச்சுத் தொழில். சிவகாசிக்கு அன்றாடம் போய்வர வேண்டும், மாதம் ஒரு முறையாவது சென்னை. இப்போது வைத்திருப்பது இன்னோவா கிரிஸ்டா. வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் ஓடவேண்டிய ஓட்டம் ஓடிவிட்டது. மாற்றும் நேரம்.

ஆன்-ரோடு 60 லட்சம் வரை போகலாம். மனதில் இருப்பவை பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, டொயோட்டா ஃபார்ச்சூனர். மைத்துனர் போன வருஷம் பென்ஸ் எடுத்தார். அதிலிருந்து வீட்டில், "இவ்வளவு உழைத்தும் இன்னும் டொயோட்டாதானா" என்று பேச்சு. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அப்பாவோ ஃபார்ச்சூனர் என்றாலே கட்சிக்காரர் வண்டி என்று முகம் சுளிக்கிறார்.

எடுத்தால் எட்டு, பத்து வருஷம் வைத்துக்கொள்வேன். ராத்திரி நேரத்தில் நடுவழியில் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் என் பயம். கோவில்பட்டியில் எந்த ஜெர்மன் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப் கிடையாது. பேருக்காக எவ்வளவு வரை கொடுக்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? வைத்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

ஓரகடம்காரன் எழுதியது:

அண்ணாச்சி, நான் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். இந்தப் பேச்சில் எல்லோரும் மூன்று விஷயத்தை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். பேர் வேறு, தரம் வேறு, நம்பி ஓட்டலாமா என்பது வேறு.

ஆடி க்யூ3 கதவைச் சாத்திப் பாருங்கள். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை முன்னிருந்து பின்வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள், ஒரே சீராக இருக்கும். டேஷ்போர்டில் விரலை அழுத்தினால் மெத்தென்று இறங்கும். இது தரம். ஃபார்ச்சூனரில் உட்கார்ந்தால் கை படும் சில இடம் தவிர மீதி பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக், அந்த விலைக்கு ஏமாற்றம்தான். ஏணிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்த வண்டி, பின்சீட்டில் குலுக்கல் தெரியும். ஆனால் அதே வண்டியின் 2.8 லிட்டர் டீசலும் ஐசின் 6 ஸ்பீடு கியர்பாக்ஸும் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் உலகம் பூரா சரக்கு ஏற்றி அடிபட்டுத் தேறியவை. தரம் குறைவு, நம்பகம் அதிகம். இரண்டும் ஒரே வண்டியில் இருக்கலாம்.

பேர் விஷயத்துக்கு வருகிறேன். க்யூ3யில் இருப்பது 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், சக்தி 190 பி.எஸ், இழுவிசை 320 என்.எம். முதல் தலைமுறை ஸ்கோடா கோடியாக்கில் இருந்ததும் அதே 2.0 லிட்டர், அதே 190, அதே 320. இரண்டையும் பூட்டியது ஔரங்காபாத்தில் ஒரே வளாகத்தில். பென்ஸ் ஜி.எல்.ஏ 200இன் 1.3 லிட்டர் டர்போ, ரெனோ-நிஸானோடு சேர்ந்து உருவாக்கியது; அதே குடும்பத்து இன்ஜின் 2020இல் டஸ்டரிலும் கிக்ஸிலும் வந்தது. ஜீப் காம்பஸின் 2.0 டீசல் ஃபியட்டுடையது. அதைத்தான் டாடா ஹாரியரிலும் சஃபாரியிலும் எம்.ஜி ஹெக்டரிலும் போட்டார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, தொழில் இப்படித்தான் நடக்கிறது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான்.

பேருக்கு என்ன பலம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மாருதி இன்விக்டோ. 2023 ஜூலையில் வந்தது. இன்னோவா ஹைகிராஸேதான், டொயோட்டாவே பிடதியில் செய்து கொடுக்கிறது. முன்பக்க கிரில்லும் லோகோவும் மாறியிருக்கும். ஹைகிராஸ் மாதம் ஆயிரக்கணக்கில் விற்கிறது, இன்விக்டோ சில நூறு. இன்ஜின் ஒன்று, கியர்பாக்ஸ் ஒன்று, செய்த கை ஒன்று. மாருதியின் சர்வீஸ் வலையோ டொயோட்டாவைவிடப் பெரியது. இருந்தும் வாங்குகிறவர் இன்னோவா என்ற பேரைத்தான் தேடிப் போகிறார்.

அண்ணாநகர் சித்ரா எழுதியது:

ஓரகடம்காரன் சொன்னது இன்ஜின் வரைக்கும் சரி. இன்ஜின் மட்டுமே வண்டி ஆகிவிடாது.

நான் எக்ஸ்1 வைத்திருக்கிறேன், டிரைவர் கிடையாது, நானே ஓட்டுகிறேன். திருச்சி போகும் வழியில் நல்ல மழை, லாரி ஒன்று இண்டிகேட்டர் போடாமல் இடம் மாறுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பிய மாத்திரத்தில் வண்டி போக வேண்டிய இடத்துக்குப் போய், ஆட்டமில்லாமல் நிற்கிறது. என் தம்பியிடம் உயரமான ஏணிச்சட்ட வண்டி இருக்கிறது, அதில் அதே காரியத்தைச் செய்ய எனக்குத் துணிவு வராது. சஸ்பென்ஷன், பிரேக், சீட், சத்தம் உள்ளே வராமல் அடைத்திருக்கும் விதம் என்று அவர்கள் உட்கார்ந்து செய்திருக்கும் வேலைக்கு ஒரு விலை இருக்கிறது. அதை "பேருக்குக் காசு" என்று ஒரே வார்த்தையில் தள்ளாதீர்கள்.

இன்னொன்று. நல்ல வண்டியில் போக வேண்டும் என்ற ஆசையை ஏன் குற்றம் மாதிரி பேசுகிறோம்? சம்பாதித்தவர் அனுபவிக்கட்டும்.

ஆனால் எனக்கு சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது. கரிசல்காடு அண்ணனுக்கு அது இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன். அப்புறம், வீட்டில் எத்தனை பேர்? எக்ஸ்1, க்யூ3 இரண்டும் 5 சீட்தான்.

கரிசல்காடு எழுதியது:

அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஆக 6 பேர். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து போவது குறைவு, திருச்செந்தூர், குலதெய்வம் கோயில், கல்யாணம் காட்சி, அவ்வளவுதான். அதற்கு வேறு வண்டி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஸ்பானர் செல்வம் எழுதியது:

நான் மதுரைப் பக்கம் மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்ல மாட்டேன், பிழைப்பு இருக்கிறது. பார்த்ததைச் சொல்கிறேன்.

வாரண்டி முடியும் வரை எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஜெர்மன் வண்டியை முதல் ஓனர் நாலு, ஐந்து வருஷத்தில் மாற்றிவிடுவார், அவர் சொல்லும் அனுபவம் உண்மையானது, அவருக்கு ஒன்றும் வந்திருக்காது. இரண்டாவது ஓனர்தான் என்னிடம் வருகிறார். அண்ணாச்சி எட்டு, பத்து வருஷம் என்கிறீர்கள். அப்படியானால் முதல் ஓனரும் இரண்டாவது ஓனரும் நீங்களேதான்.

ஆறாவது வருஷம் என்ன வரும்? கூலன்ட் போகும் பிளாஸ்டிக் பைப்பும் டேங்கும். நம் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் வெந்து வெந்து, கழற்றப் போனால் கையிலேயே அப்பளம் மாதிரி நொறுங்கும். வால்வு கவர் கேஸ்கெட்டில் ஆயில் கசிவு. லோயர் ஆர்ம் புஷ். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் என்றால் அதன் கியரை மாற்றிக்கொடுக்கும் மெகட்ரானிக் யூனிட். எதுவுமே சரிசெய்ய முடியாத கோளாறு கிடையாது. ஆனால் புஷ் மட்டும் தனியாகத் தர மாட்டார்கள், ஆர்மோடு சேர்த்து வாங்கு என்பார்கள். சென்சார் ஒன்று மாற்றினால் கம்பெனி சாஃப்ட்வேரில் கோடிங் போட வேண்டும். பார்ட் வர எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுவரை வண்டி என் ஷெட்டில் கவர் போட்டு நிற்கும். கஸ்டமர் படும் பாட்டில் பாதி செலவு, மீதி இந்தக் காத்திருப்பு.

டயரும் பாருங்கள். பல ஜெர்மன் மாடல்களில் காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி இருக்காது. சைடுவாலில் வெட்டு விழுந்தால் ஒட்டுப்போட முடியாது. அதே சைஸ், அதே டைப் டயர் சின்ன ஊரில் கடையில் இருக்காது.

டொயோட்டாவையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டாம். பி.எஸ் 6 புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு டீசல் வண்டியில் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப் என்ற ஃபில்டர் இருக்கிறது. புகைக்கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, நல்ல சூடு ஏறும்போது எரித்துவிடும். அந்தச் சூடு நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடினால்தான் ஏறும். கடைக்கும் வீட்டுக்குமாக டவுனுக்குள்ளேயே ஓட்டினால் கரி அடைத்து லைட் எரியும். ஆஸ்திரேலியாவில் இதே 2.8 டீசலும் அதன் தம்பி 2.4உம் வைத்த ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ ஓனர்கள், டி.பி.எஃப் குறைபாடு என்று டொயோட்டா மேல் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்ற இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். 2022இல் ஃபெடரல் கோர்ட் ஓனர்கள் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது.

டெக்ஸாஸ்வாசி எழுதியது:

நான் அமெரிக்காவில் இருக்கிறேன், இங்கத்திய நிலவரத்தையும் சொல்கிறேன். ஜே.டி.பவர் என்று ஒரு நிறுவனம் மூன்று வருஷம் ஓடிய வண்டிகளின் ஓனர்களைக் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை கோளாறு என்று கணக்கு எடுக்கிறது. 2023, 2024, 2025 மூன்று வருஷமும் டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸ்தான் முதலிடம். 2025இல் லெக்சஸுக்கு 140, எல்லாக் கம்பெனியும் சேர்ந்த சராசரி 202. சொகுசு வண்டி என்றால் கோளாறு சகஜம் என்று சொல்ல முடியாது, செய்கிற விதத்தில்தான் இருக்கிறது.

அந்த லெக்சஸ் பேர் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1989இல் எல்.எஸ் 400 வரும்போது ஜெர்மன்காரர்களுக்கு நிகராக யாரும் நினைக்கவில்லை. பழுதாகாமல் ஓடி ஓடித்தான் அந்தப் பேர் வந்தது. இங்கே ஆர்.எக்ஸ் என்று விற்ற எஸ்.யூ.வியை ஜப்பானில் டொயோட்டா ஹாரியர் என்றே விற்றார்கள், டாடா ஹாரியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஜப்பானில் லெக்சஸ் கடை திறந்ததே 2005இல். நம்பகமும் மதிப்பும் எதிரெதிர் என்று நினைப்பதே தப்பு என்பேன். ஒன்று இன்னொன்றைச் சம்பாதித்துக் கொடுக்கும், வருஷம் ஆகும்.

நம் ஊரிலேயே பாருங்கள், ஃபார்ச்சூனருக்கு இருக்கும் கெத்து இங்கே டொயோட்டா எதற்கும் கிடையாது. இங்கே டொயோட்டா என்றால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் வண்டி.

ஓரகடம்காரன் எழுதியது:

டெக்ஸாஸ்வாசி, நல்ல தகவல். ஒரு திருத்தம் மட்டும். அந்தக் கணக்கில் ஃபோன் ஸ்கிரீனோடு சேரவில்லை என்பதும் ஒரு கோளாறு, கியர்பாக்ஸ் போனதும் ஒரு கோளாறு. இரண்டுக்கும் எண்ணிக்கை ஒன்று. சமீப வருஷங்களில் அதிகம் வரும் புகாரே ஃபோன் இணைப்புப் பற்றியது. அதனால் கீழே இருக்கும் கம்பெனி வண்டி எல்லாம் ரோட்டில் நிற்கிறது என்று அர்த்தம் எடுக்கக் கூடாது. அங்கே ஓடும் மாடலும் இங்கே பூட்டும் மாடலும் வேறுவேறு, இங்கத்திய தூசி, எரிபொருள், பள்ளம் எதுவும் அதில் வராது. முதல் சில இடங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணக்கணக்கை யாரும் தொடவில்லை. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்குச் சாலை வரி 20 சதவீதம். 50 லட்சம் வண்டிக்கு 10 லட்சம் வரியாகவே போகும், 32 லட்சம் வண்டிக்கு 6.4 லட்சம். இந்த வித்தியாசம் வண்டியில் ஒட்டியிருக்காது, விற்கும்போது திரும்பியும் வராது.

இன்சூரன்சில் ஐ.டி.வி, அதாவது வண்டிக்குப் போடும் மதிப்பு, எல்லாக் கம்பெனிக்கும் ஒரே படிக்கட்டில்தான் இறங்கும்: நாலு முடிந்து ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் கழிந்துவிடும். சந்தை அப்படி இறங்காது. ஃபார்ச்சூனர், இன்னோவா அந்தக் கணக்குக்கு மேலே விலை போகும், ஜெர்மன் வண்டி கீழே போகும். பழைய வண்டி புரோக்கர் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

தொழில் பேரில் எடுத்தால் தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம் காட்டலாம். ஆனால் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. "கம்பெனி பேரில் எடுங்க, வரி எல்லாம் திரும்ப வந்துடும்" என்று ஷோரூமில் சொன்னால், எந்த வரி என்று உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எண்டெவர் நெஞ்சம் எழுதியது:

என் அனுபவம் வேறு திசையில். ஃபோர்டு எண்டெவர் வைத்திருக்கிறேன், 3.2 லிட்டர், ஐந்து சிலிண்டர். எங்கள் மறைமலைநகரில் செய்த வண்டி. ஃபார்ச்சூனரைவிட ஓட்டுவதற்கு எல்லாவகையிலும் மேல் என்று இன்றும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. சர்வீசும் பார்ட்ஸும் கிடைக்கின்றன, வண்டியும் ஓடுகிறது. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் மனசு பதறுகிறது. அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் என் கவலை ஒன்றுமே இல்லை.

வண்டி நல்லதா என்று பார்க்கும்போதே, செய்கிறவர் பத்து வருஷம் கழித்தும் இங்கே கடை வைத்திருப்பாரா என்றும் பாருங்கள்.

நாலுவழிச்சாலை எழுதியது:

60 லட்சம் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் அவரை வேன் வாங்க வைக்கப் பார்க்கிறீர்கள். வாழ்க்கையில் எத்தனை முறை இந்த வாய்ப்பு வரும்? கூடுதல் வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ் போட்டு எக்ஸ்1 எடுங்கள் அண்ணா. செல்வம் சொன்ன செலவெல்லாம் அதற்குள் அடங்கும்.

ஸ்பானர் செல்வம் எழுதியது:

செலவு அடங்கும் தம்பி. தூரம் அடங்காது. கயத்தாறு பக்கம் ராத்திரி நின்றால் வாரண்டி பேப்பர் வந்து தள்ளாது.

அப்படியும் ஜெர்மன்தான் என்றால், ஆடியைப் போலவே ஃபோக்ஸ்வேகன் குடும்பத்து வண்டியான ஸ்கோடா கோடியாக்கை ஒரு முறை பாருங்கள் அண்ணாச்சி. 7 சீட், ஓட்ட அருமை. கியர்பாக்ஸ் ஆயிலில் முங்கிய கிளட்ச் வகை, பழைய உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி கியர்பாக்ஸ் டிராஃபிக்கில் சூடாகிப் பேர் கெட்டதே, அது இல்லை.

அண்ணாநகர் சித்ரா எழுதியது:

செல்வம் அண்ணன் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நானே கோவில்பட்டியில் இருந்தால் எக்ஸ்1 எடுத்திருப்பேனா என்று யோசித்தேன். எடுத்திருக்க மாட்டேன்.

ஒரு யோசனை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வண்டியிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஃபார்ச்சூனரில் படியில் கால் வைத்து, மேலே பிடி பிடித்து, பின்னால் ஒருவர் தாங்கினால்தான் ஏற முடிந்தது. இறங்கும்போது அம்மாவுக்கு வலி, வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. க்யூ3யில் ஏறுவது சுலபம், உள்ளே வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது, பின்சீட்டில் மூன்று பேர் என்றால் நெருக்கம். கோடியாக் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் மூன்றாவது வரிசை பிள்ளைகளுக்கு மட்டும்தான், சர்வீஸ் கவலையும் கிட்டத்தட்ட அதேதான்.

கடைசியில் இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிட், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது. என் லிஸ்டிலேயே இல்லாத வண்டி. அம்மா யார் உதவியும் இல்லாமல் தானாக ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். அந்த நடு சீட்டை விட்டு இறங்க மனசில்லை. மோட்டாரில் நகரும்போது வண்டி ஓடுகிறதா என்றே அப்பா கேட்டார். பாரத் என்கேப் மோதல் சோதனையில் 5 ஸ்டார் என்பதையும் பார்த்தேன். வீட்டில் "மறுபடியும் இன்னோவாவா" என்ற பேச்சு ஓயவில்லை, மைத்துனர் வந்தால் இன்னும் நாலு வார்த்தை வரும். சொல்லட்டும். மிச்சமாகும் பணத்தில் புதிய கட்டிங் மெஷினுக்கு முன்பணம் கட்ட முடியும், அதை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருக்கிறது.

அதில் இசட்.எக்ஸ் ரகம் எடுக்கலாமா, அதற்கு மேலே ஆப்ஷன் போட்ட ரகமா? ஹைப்ரிட் பேட்டரி பற்றி பயப்பட வேண்டுமா?

ஓரகடம்காரன் எழுதியது:

நெடுஞ்சாலை ஓட்டம் உங்களுக்கு அதிகம், ஆப்ஷன் எடுங்கள். தானாக பிரேக் போடுவது போன்ற ஓட்டுநர் உதவி வசதிகள் (ஏ.டி.ஏ.எஸ்) அதில்தான் வருகின்றன. கால் நீட்டும் சீட் இரண்டிலும் உண்டு. பேட்டரிக்கு வாரண்டி 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் ஓட்டத்துக்குக் கிலோமீட்டர்தான் முதலில் முடியும், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஸ்பானர் செல்வம் எழுதியது:

ஒன்று மட்டும் கவனம் அண்ணாச்சி. ஹைப்ரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று வண்டிக்கு உள்ளே இருந்துதான் போகும். அந்தத் துவாரத்தை மறைத்து பேப்பர் கட்டு, சாம்பிள் பண்டல் எதுவும் வைக்காதீர்கள். உங்கள் தொழிலில் காகிதத் தூசி துணியிலேயே ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு சர்வீசிலும் அந்த ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லி ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.